ஜட்ஜ் டு கவுன்சிலர்: ஓட்டு கேட்டு ஜெயித்த நீதிபதி, மக்கள் ஓட்டை எதிர்த்து நின்றது ஏன்?

ரிட்டயர்டு ஜட்ஜ் ஒருவர் கவுன்சிலர் தேர்தலில் நிற்கப் போகிறார் என்று கேள்விப்பட்டால், நம்ம ஊரில் முதலில் வரும் ரியாக்‌ஷன் ‘இவருக்கு எதுக்கு இந்த வேலை?’ என்பதாகத்தான் இருக்கும். கவர்னர் பதவி, விசாரணை ஆணையத் தலைவர் பதவி என்றால் ஓகே. குப்பை, குடிநீர், தெருவிளக்கு என்று புகார் கேட்கும் நாற்காலிக்கு ஒரு நீதிபதி ஏன் வரணும்?

அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் ஒருவர் வந்தார். பெயர் லடோரிஸ் கார்டெல். 19 ஆண்டுகள் நீதிபதியாக இருந்துவிட்டு, 2003-ல் பாலோ ஆல்டோ நகர மன்றத் தேர்தலில் நின்றார். ஜெயித்தார். ஒரே ஒரு முறை பதவியில் இருந்துவிட்டு விலகிக்கொண்டார். இதுவரை சாதாரணக் கதைதான்.

ஆனால் 2018-ல், அதே பகுதி மக்கள் ஒரு நீதிபதியை ஓட்டுப் போட்டு வீட்டுக்கு அனுப்பக் கிளம்பியபோது, ‘செய்யாதீங்க’ என்று சொன்னவர்களின் முன்வரிசையில் நின்றவரும் இவர்தான். மக்களிடம் ஓட்டு கேட்டு இரண்டு முறை ஜெயித்தவர், மக்கள் ஓட்டுக்கு எதிராக ஏன் வாதாடினார்? இது முரண்பாடா, இல்லை இதில் நாம் கவனிக்க வேண்டிய விஷயம் ஏதாவது இருக்கிறதா?

யார் இந்த கார்டெல்?

பென்சில்வேனியா மாநிலத்தில் பிறந்தவர். 1974-ல் ஸ்டான்ஃபோர்டு சட்டக் கல்லூரியில் பட்டம் பெற்றார். அந்தப் பட்டத்தோடு பெரிய நிறுவனங்களுக்குப் போகும் வழி திறந்திருந்தது. அவர் போனது கிழக்கு பாலோ ஆல்டோவுக்கு. அங்கே முதன்முதலில் சொந்தமாக அலுவலகம் திறந்த வழக்கறிஞர் அவர்தான்.

இந்த இடத்தில் மேப்பைக் கொஞ்சம் புரிந்துகொள்வது நல்லது. பாலோ ஆல்டோ என்றால் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தை ஒட்டிய பணக்கார ஊர். ஹியூலெட் பேக்கர்டு நிறுவனம் 1939-ல் ஒரு கார் ஷெட்டில் தொடங்கியது இங்கேதான். பேஸ்புக் 2004-ல் ஆபீஸ் போட்டதும் இங்கேதான். அதற்குக் கிழக்கே, 101-ம் எண் நெடுஞ்சாலைக்குப் பெரும்பாலும் அந்தப் பக்கம் இருப்பது கிழக்கு பாலோ ஆல்டோ. பெயரில்தான் ஒற்றுமை. அது வேறு கவுண்டி. 1983-ல்தான் தனி நகரமாகவே ஆனது. கார்டெல் அங்கே தொழில் தொடங்கிய 1970-களில் அங்கு வசித்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். நெடுஞ்சாலைக்கு ஒரு பக்கம் சட்டக் கல்லூரி, இன்னொரு பக்கம் வக்கீலே இல்லாத ஊர்.

1978-ல் ஸ்டான்ஃபோர்டு சட்டக் கல்லூரியின் உதவி டீன் ஆனார். சிறுபான்மை இன மாணவர்களைச் சேர்ப்பதுதான் முக்கிய வேலை. 1982-ல் கவர்னர் ஜெரி பிரவுன் அவரை சாந்தா கிளாரா கவுண்டியின் முனிசிபல் கோர்ட் நீதிபதியாக நியமித்தார். வடக்கு கலிஃபோர்னியாவில் நீதிபதியான முதல் கறுப்பினப் பெண் அவர்தான். 1988-ல் அடுத்த படி: சுப்பீரியர் கோர்ட். இந்த முறை நியமனம் இல்லை, தேர்தல்.

என்னது, ஜட்ஜுக்கே எலெக்‌ஷனா?

ஆமாம். இந்தியாவில் நீதிபதிகளை யாரும் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பதில்லை. அமெரிக்காவில் மத்திய அரசின் நீதிபதிகளை அதிபர் நியமிக்கிறார், செனட் ஒப்புதல் தருகிறது. ஆனால் மாநில நீதிமன்றங்களில் கதை வேறு. பெரும்பாலான மாநிலங்களில் ஏதோ ஒரு வடிவத்தில் நீதிபதிகள் வாக்காளர்களைச் சந்திக்க வேண்டியிருக்கிறது.

கலிஃபோர்னியாவில் நடைமுறை இதுதான்:

● சுப்பீரியர் கோர்ட் நீதிபதிக்கு 6 ஆண்டுப் பதவிக்காலம். கட்சிச் சின்னம் கிடையாது. இடையில் இடம் காலியானால் கவர்னர் நியமிப்பார். அப்படி வந்தவரும் பிறகு தேர்தலைச் சந்திக்க வேண்டும்.

● பதவியில் இருப்பவரை எதிர்த்து யாரும் மனு தாக்கல் செய்யவில்லை என்றால், ஓட்டுச் சீட்டில் அவர் பெயரே வராது. தானாகவே தேர்வானதாக அறிவிக்கப்படுவார். பெரும்பாலும் நடப்பது இதுதான். இந்தப் பாயின்ட்டை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

● மாநில உச்ச நீதிமன்ற நீதிபதிகளுக்கு எதிர் வேட்பாளரே கிடையாது. ‘இவர் தொடரலாமா, வேண்டாமா?’ என்று மட்டும் மக்களிடம் கேட்பார்கள். 1986-ல் மக்கள் ‘வேண்டாம்’ என்று சொல்லி, தலைமை நீதிபதி ரோஸ் பேர்டு, ஜோசப் கிரோடின், குரூஸ் ரெய்னோசோ ஆகிய மூன்று பேரை ஒரே நாளில் அனுப்பிவைத்தார்கள். மரண தண்டனை வழக்குகளில் அவர்கள் எடுத்த நிலைப்பாடுதான் அந்தத் தேர்தலின் மையப் பிரச்சினை.

கார்டெல் 1988-ல் தேர்தலைச் சந்தித்தபோது, அந்த மூன்று பேர் தோற்று இரண்டு ஆண்டுகூட ஆகவில்லை. தீர்ப்பு பிடிக்காவிட்டால் மக்கள் என்ன செய்வார்கள் என்பது அப்போது கலிஃபோர்னியாவின் ஒவ்வொரு நீதிபதிக்கும் தெரிந்திருந்தது.

பெஞ்சில் அவர் பெயர் வெளியே தெரிய ஒரு காரணம், குடித்துவிட்டு வண்டி ஓட்டியவர்களுக்கு அவர் போட்ட உத்தரவு. காரில் ஊதிப் பார்க்கும் கருவியைப் பொருத்த வேண்டும். மூச்சில் மது வாடை இருந்தால் வண்டி ஸ்டார்ட் ஆகாது. இப்படி உத்தரவிட்ட ஆரம்பகால அமெரிக்க நீதிபதிகளில் அவர் ஒருவர். இன்று அமெரிக்காவின் எல்லா மாநிலங்களிலும் இந்தக் கருவிக்குச் சட்டம் இருக்கிறது.

2003: காசு வேண்டாம் என்ற வேட்பாளர்

2001-ல் நீதிமன்றத்திலிருந்து ஓய்வு பெற்று, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் துணை நிர்வாகப் பொறுப்புக்குப் போனார். 2003 நவம்பரில் பாலோ ஆல்டோ நகர மன்றத் தேர்தலில் நின்றார்.

அப்போது அந்த மன்றத்தில் 9 பேர் (2019 முதல் 7 பேர்). நம் மாநகராட்சி மாதிரி வார்டு கிடையாது. ஊர் முழுக்க ஒரே தொகுதி. கட்சி கிடையாது. 4 ஆண்டுப் பதவி. மேயரை மக்கள் தேர்ந்தெடுப்பதில்லை; மன்ற உறுப்பினர்களே தங்களுக்குள் ஒருவரை ஆண்டுதோறும் தேர்ந்தெடுப்பார்கள். அன்றாட நிர்வாகம் சம்பளத்துக்கு அமர்த்தப்பட்ட நகர மேலாளர் கையில். இன்னொரு விசேஷம், மின்சாரம், கேஸ், குடிநீர் எல்லாமே நகராட்சிக்குச் சொந்தமான நிறுவனம் வழியாகத்தான் வீடுகளுக்குப் போகிறது. அதனால் கரன்ட் பில்லும் கவுன்சிலர் சமாச்சாரம்தான்.

வார்டு இல்லாத ஊரில் ஓட்டு வாங்க வேண்டும் என்றால் ஊர் முழுக்கப் பெயர் தெரிய வேண்டும். அதற்குப் போஸ்டர், தபால், விளம்பரம், அதாவது பணம். கார்டெல் அந்தத் தேர்தலில் பண நன்கொடை எதையும் வாங்குவதில்லை என்று முடிவெடுத்தார். ஆட்களை மட்டும் நம்பி அடிமட்டத்தில் பிரசாரம் செய்து ஜெயித்தார்.

இதைப் பெரிய தியாகம் என்று கொண்டாட வேண்டியதில்லை. 20 ஆண்டுகளாகப் பகுதியில் அறிமுகமான பெயர், நீதிபதி என்ற அடையாளம் இரண்டும் கையில் இருந்த வேட்பாளருக்கு அது சாத்தியம். புதிதாக வரும் ஓர் ஆட்டோ டிரைவருக்கோ டீச்சருக்கோ அவ்வளவு சுலபம் இல்லை. ஆனாலும் அந்த முடிவுக்கு ஓர் அர்த்தம் இருக்கிறது. நகர மன்றம் முடிவெடுக்கும் விஷயங்களில் பெரியது நிலம். எங்கே எத்தனை மாடி கட்டலாம், எந்த இடம் குடியிருப்பு, எது கமர்ஷியல் என்பதெல்லாம் அதன் கையில். சிலிக்கான் வேலியில் நிலத்தின் விலை என்ன என்று சொல்லத் தேவையில்லை. நேற்று நன்கொடை கொடுத்தவர் நாளை கட்டட அனுமதி கேட்டு வருவார். கோர்ட்டில் வழக்குக்காரரிடம் காசு வாங்கும் ஜட்ஜை நாம் எப்படிப் பார்ப்போம்? அதே கண்ணாடியைக் கவுன்சிலருக்கும் போட்டுப் பார்த்தால் அந்த முடிவு புரியும்.

தனியாகத் தீர்ப்பு சொன்னவர், ஒன்பதில் ஒருவரானால்?

ஜட்ஜ் நாற்காலிக்கும் கவுன்சிலர் நாற்காலிக்கும் உள்ள தூரம் கொஞ்சநஞ்சம் இல்லை.

கோர்ட்டில் நீதிபதி பேசினால் மற்றவர்கள் அமைதியாக வேண்டும். யோசிப்பது அறைக்குள், தனியாக. வெளியே சொல்வது தீர்ப்பை மட்டும். நகர மன்றத்திலோ 5 ஓட்டு சேராமல் ஒன்றும் நகராது. அந்த 5 பேரிடம் தனியாகப் பேசிச் சம்மதம் வாங்கவும் முடியாது. கலிஃபோர்னியாவில் 1953 முதல் இருக்கும் பிரவுன் சட்டத்தின்படி, உள்ளாட்சி மன்றத்தின் பெரும்பான்மை உறுப்பினர்கள் கூட்டத்துக்கு வெளியே கூடி அலுவல் பேசக் கூடாது. ஆளுக்கு ஆள் சொல்லி வரிசையாகப் பரப்பினாலும் தப்பு. சண்டையோ சமாதானமோ, எல்லாம் மக்கள் முன்னால்தான்.

அந்தச் சண்டைகள் எந்த லெவலில் இருக்கும்? 2003-ல், கார்டெல் வருவதற்குச் சில மாதங்கள் முன்பு, பாலோ ஆல்டோ மன்றம் உறுப்பினர்களுக்கான நடத்தை விதிகளை வரைந்தது. மற்றவர் பேசும்போது வெறுப்பை உடல்மொழியில் காட்டக் கூடாது என்று அதில் ஒரு வரி. ‘கண்ணை உருட்டத் தடை போடும் ஊர்’ என்று பத்திரிகைகள் கிண்டலடித்தன. அப்படிப்பட்ட மன்றத்துக்குத்தான் ஒரு முன்னாள் நீதிபதி போனார்.

இன்னொரு பக்கம், கவுன்சிலர் வேலையிலேயே பாதி நீதிபதி வேலையும் ஒளிந்திருக்கிறது. ஒரு வீட்டுக்காரர் மாடி கட்ட அனுமதி கேட்கிறார், பக்கத்து வீட்டுக்காரர் எதிர்க்கிறார், அப்பீல் மன்றத்துக்கு வருகிறது. அந்த நேரத்தில் உறுப்பினர் இரு தரப்பையும் கேட்டு, ஆவணம் பார்த்து, காரணத்தோடு முடிவு சொல்ல வேண்டும். யாரிடமாவது முன்பே தனியாகப் பேசியிருந்தால் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். தன் வருமானத்தோடு தொடர்புள்ள விஷயம் என்றால் விலகி இருக்க வேண்டும் என்கிறது கலிஃபோர்னியாவின் 1974-ம் ஆண்டு அரசியல் சீர்திருத்தச் சட்டம். ஸ்டான்ஃபோர்டில் சம்பளம் வாங்கிக்கொண்டு, ஸ்டான்ஃபோர்டுக்கு ஏகப்பட்ட நிலம் உள்ள ஊரில் கவுன்சிலராக இருக்கும் எவருக்கும் இது தலைக்கு மேல் தொங்கும் கேள்வி.

கார்டெல் உறுப்பினராக இருந்த காலத்தில், 2006-ல், பாலோ ஆல்டோ தன் போலீஸ் துறையைக் கண்காணிக்க வெளியிலிருந்து சுயேச்சைத் தணிக்கையாளர்களை நியமித்தது. 2003-ல் ஒரு கறுப்பின முதியவரை இரண்டு போலீஸ்காரர்கள் அடித்ததாக எழுந்த வழக்கு ஊரையே உலுக்கியிருந்த பின்னணியில் வந்த ஏற்பாடு அது. பதவிக்காலம் 2007 முடிவோடு முடிந்தது. இரண்டாவது முறை அவர் நிற்கவில்லை.

நீதிபதி அரசியலுக்கு வரலாமா? சட்டம் என்ன சொல்லுது?

கலிஃபோர்னியா அரசியல் சாசனம் ஆறாவது பிரிவில் இதைத் தெளிவாக வைத்திருக்கிறது. பதவியில் இருக்கும் நீதிபதி வேறு அரசுப் பதவி வகிக்க முடியாது. தேர்தலில் நிற்க ஆசைப்பட்டால், மனு தாக்கலுக்கு முன் சம்பளமில்லா விடுப்பில் போக வேண்டும். ஜெயித்துப் பதவியை ஏற்றுக்கொண்ட நொடியே நீதிபதி பதவி ராஜினாமா ஆனதாக அர்த்தம்.

வேறு மாநிலங்களில் இன்னும் கறார். விடுப்பெல்லாம் கிடையாது, ராஜினாமா செய்துவிட்டுத்தான் நிற்க முடியும். லூசியானாவில் எர்னஸ்ட் மோரியல் என்ற நீதிபதி, நியூ ஆர்லியன்ஸ் மேயர் தேர்தலில் நிற்க விரும்பி, இந்த விதியை எதிர்த்து வழக்குப் போட்டார். 1977-ல் மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம் விதி செல்லும் என்றது. நீதிபதி பாரபட்சம் அற்றவர் என்ற நம்பிக்கையைக் காப்பாற்ற அரசுக்கு அந்த உரிமை உண்டு என்பது சாரம். மோரியல் தேர்தலில் நின்றார், ஜெயித்தார், 1978-ல் அந்த நகரின் முதல் கறுப்பின மேயரானார். விதி அவரைத் தடுக்கவில்லை. ‘ஏதாவது ஒரு கதவைச் சாத்திவிட்டு வாங்க’ என்று மட்டும் சொன்னது.

கார்டெல் விஷயத்தில் அந்தக் கதவு சாத்தப்பட்டு இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர் கடைசியாகத் தீர்ப்பு எழுதிய நாளுக்கும் ஓட்டு கேட்ட நாளுக்கும் நடுவே இடைவெளி இருந்தது. இந்தியாவில் அப்படி ஒரு கட்டாய இடைவெளி எதுவும் சட்டத்தில் இல்லை. கல்கத்தா உயர் நீதிமன்ற நீதிபதி அபிஜித் கங்கோபாத்யாய 2024 மார்ச்சில் ராஜினாமா செய்து, அதே வாரத்தில் பாஜகவில் சேர்ந்து, சில மாதங்களில் மக்களவை உறுப்பினரானது நினைவிருக்கலாம். அவர் எழுதிய தீர்ப்புகள் சரியா தவறா என்பதல்ல பாயின்ட். இடைவெளி இல்லாவிட்டால், பழைய தீர்ப்பு ஒவ்வொன்றையும் மக்கள் சந்தேகத்தோடு திருப்பிப் படிக்க ஆரம்பிப்பார்கள் என்பதுதான்.

கவுன்சிலுக்குப் பிறகு: போலீஸ் புகார் மேஜை

2010-ல் பக்கத்து நகரமான சான் ஹோசே, கார்டெலைத் தன் சுயேச்சை போலீஸ் தணிக்கையாளராக நியமித்தது. 2015 வரை இருந்தார். அது அதிகாரம் குறைந்த, ஆனால் சத்தம் போடக்கூடிய பதவி. போலீஸ் மீதான புகாரைப் போலீஸே விசாரிக்கும். விசாரணை ஒழுங்காக நடந்ததா என்று தணிக்கையாளர் சரிபார்ப்பார். தண்டிக்க முடியாது. பரிந்துரைக்கலாம், மக்களுக்கு அறிக்கை தரலாம்.

2015-ல் சாந்தா கிளாரா கவுண்டி சிறையில் ஒரு கைதி இறந்து, சிறைக் காவலர்கள் மூவர் மீது கொலை வழக்குப் பதிவானது. சிறை நிர்வாகத்தைச் சீரமைக்கப் பரிந்துரை தர அமைந்த குழுவுக்கு கார்டெல்தான் தலைவர். அதே காலகட்டத்தில் சான் பிரான்சிஸ்கோ போலீஸார் சிலரின் இனவெறி மெசேஜ்கள் வெளியானபோது அமைந்த மூன்று முன்னாள் நீதிபதிகள் குழுவிலும் இருந்தார். அந்த மூவரில் இன்னொருவர் யார் தெரியுமா? 1986-ல் மக்கள் ஓட்டுப் போட்டு அனுப்பிய குரூஸ் ரெய்னோசோ. நாற்காலியை இழந்த நீதிபதி 30 ஆண்டு கழித்தும் நியாயம் கேட்கத் தேவைப்பட்டார்.

2018: மக்கள் vs நீதிபதி

இனிதான் சிக்கலான பகுதி.

2015 ஜனவரியில் ஸ்டான்ஃபோர்டு வளாகத்தில், சுயநினைவில்லாமல் கிடந்த ஒரு பெண்ணிடம் ஒரு மாணவர் பாலியல் அத்துமீறலில் ஈடுபட்டார். அந்த வழியாகச் சைக்கிளில் வந்த இருவர் அவரைப் பிடித்தனர். ஜூரிகள் மூன்று குற்றச்சாட்டுகளிலும் அவரைக் குற்றவாளி என்றனர். அரசுத் தரப்பு கேட்டது 6 ஆண்டு சிறை. 2016 ஜூன் 2-ம் தேதி சுப்பீரியர் கோர்ட் நீதிபதி ஏரன் பெர்ஸ்கி கொடுத்தது 6 மாதம். நன்னடத்தைக் கழிவு போக மூன்றே மாதத்தில் குற்றவாளி வெளியே வந்துவிட்டார். பாதிக்கப்பட்ட பெண் கோர்ட்டில் வாசித்த கடிதம் இணையத்தில் வெளியாகி உலகம் முழுக்கப் படிக்கப்பட்டது. கோபம் வெடித்தது.

ஐந்து நாள் கழித்து, ஜூன் 7-ல் கலிஃபோர்னியாவில் தேர்தல். பெர்ஸ்கியின் பதவிக்காலமும் அந்த முறை தேர்தலுக்கு வந்தது. ஆனால் அவரை எதிர்த்து யாரும் மனு தாக்கல் செய்யவில்லை. அதனால் சீட்டில் பெயர் இல்லை. மேலே ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்ன பாயின்ட் இதுதான். கோபத்தோடு பூத்துக்குப் போனவர் கையில் முத்திரை குத்த ஒரு பெயர்கூட இல்லை. பெர்ஸ்கி இன்னும் 6 ஆண்டுகளுக்குத் தானாகத் தேர்வானார்.

மிச்சமிருந்த ஆயுதம் ரீகால், அதாவது பதவிக்காலம் முடியும் முன்பே மக்கள் திரும்ப அழைப்பது. கலிஃபோர்னியா 1911-லேயே நீதிபதிகளையும் சேர்த்து இந்த உரிமையைக் கொண்டுவந்தது. அப்போதே இது சர்ச்சை. அதே ஆண்டு அரிசோனா தனி மாநிலமாகச் சேர வந்தபோது, நீதிபதிகளைத் திரும்ப அழைக்கும் விதி அதன் சாசனத்தில் இருந்ததால் அதிபர் டாஃப்ட் தன் வீட்டோவால் தடுத்தார். அரிசோனா அந்த விதியை நீக்கியது, 1912 பிப்ரவரியில் மாநிலமானது, அதே ஆண்டு இறுதியில் விதியைத் திரும்பவும் சேர்த்துக்கொண்டது!

ஸ்டான்ஃபோர்டு சட்டப் பேராசிரியர் மிஷெல் டாபர் ரீகால் இயக்கத்தை நடத்தினார். எதிர்த்தவர்களின் முக்கிய முகம் கார்டெல். இரண்டு பேருமே ஸ்டான்ஃபோர்டு உலகத்தைச் சேர்ந்தவர்கள், இரண்டு பேருமே பெண்ணுரிமை பேசுபவர்கள். 2018 ஜூன் 5-ல் 60 சதவீதத்துக்கும் மேலானோர் ‘நீக்கு’ என்றனர். 1932-க்குப் பிறகு கலிஃபோர்னியாவில் ரீகால் மூலம் பதவி இழந்த முதல் நீதிபதி ஆனார் பெர்ஸ்கி. கார்டெல் தரப்பு தோற்றது.

அப்போ இது இரட்டை வேடமா?

மேலோட்டமாகப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ‘நீங்க ஓட்டு கேட்கும்போது மக்கள் புத்திசாலிகள், இன்னொரு ஜட்ஜை நீக்கும்போது மட்டும் கும்பலா?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி.

ஆனால் ஒரு விஷயத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. கவுன்சிலரின் வேலையே மக்கள் விருப்பத்தைக் கேட்டு நடப்பது. கேட்காவிட்டால் மாற்ற வேண்டியதுதான். நீதிபதியின் வேலை அப்படி இல்லை. ஊரே ஒருவரை வெறுக்கும்போதும், சட்டமும் ஆதாரமும் அவர் பக்கம் இருந்தால் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பு எழுத வேண்டும். அதற்குத்தான் அந்த நாற்காலி. ‘ஊர் கோபப்பட்டால் வேலை போகும்’ என்ற பயத்தோடு ஒருவர் அதில் உட்கார்ந்தால், அடுத்து கூண்டில் நிற்பவருக்கு என்ன நடக்கும்?

பெர்ஸ்கி விவகாரத்துக்குப் பிறகு இதைக் கணக்குப் போட்டுப் பார்த்த ஆய்வாளர்கள், ரீகால் அறிவிப்பு வந்த கையோடு கலிஃபோர்னியாவின் பிற நீதிபதிகள் கொடுத்த சிறைத் தண்டனைகள் நீண்டதைக் கண்டனர். அந்த நீதிபதிகளுக்கும் ஸ்டான்ஃபோர்டு வழக்குக்கும் சம்பந்தம் இல்லை. அவர்கள் முன் நின்றவர்கள் எல்லோரும் பல்கலைக்கழக நீச்சல் வீரர்களும் இல்லை. பணமும் வக்கீலும் இல்லாத சாதாரணக் கைதிகளே எந்த நீதிமன்றத்திலும் அதிகம். வசதியான ஒரு வெள்ளை இளைஞருக்குக் காட்டிய கருணைக்கான விலையை, அந்தக் கருணை ஒருபோதும் கிடைக்காதவர்கள் கொடுக்க வேண்டியதானது. கிழக்கு பாலோ ஆல்டோவில் அலுவலகம் திறந்த ஒரு வழக்கறிஞருக்கு இந்தக் கணக்கு புரியாமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

அதற்காக ரீகாலுக்கு ஓட்டுப் போட்டவர்களை ‘உணர்ச்சிவசப்பட்ட கூட்டம்’ என்று ஒதுக்குவதும் தப்பு. அவர்கள் முன் என்ன வழி இருந்தது? தேர்தலில் பெயரே இல்லை. நீதிபதிகள் மீதான புகாரை விசாரிக்கும் மாநில ஆணையம் 2016 டிசம்பரில் பெர்ஸ்கி மீது தவறான நடத்தை எதுவும் இல்லை என்று ஃபைலை மூடிவிட்டது. இந்த மாதிரிக் குற்றங்களுக்குச் சிறை கட்டாயம் என்று சட்டத்தைத் திருத்தியது நிஜம், ஆனால் அது இனி வரும் வழக்குகளுக்கு. ‘பெண்கள் புகார் கொடுத்தாலும் ஒண்ணும் நடக்காது’ என்று பல ஆண்டுகளாகச் சேர்ந்த கோபத்துக்கு அமைப்பு வேறு எந்தக் கதவையும் திறந்து வைக்கவில்லை. கார்டெல் தரப்பு தோற்றதற்கு அவர்கள் வாதம் பலவீனமாக இருந்தது காரணம் இல்லை. ‘அப்படின்னா நாங்க என்ன செய்யணும்?’ என்ற கேள்விக்கு அவர்களிடம் பதில் இல்லாததுதான்.

சரி, எது சரியான வழி?

கார்டெலின் கதையிலிருந்து மூன்று விஷயங்களை எடுத்துக்கொள்ளலாம்.

ஒன்று, நீதிபதி அரசியலுக்கு வருவதே குற்றம் இல்லை. சட்டம் தெரிந்த, இரு தரப்பையும் கேட்டுப் பழகிய ஒருவர் நகர மன்றத்தில் இருப்பது ஊருக்கு லாபம். ஆனால் கடைசித் தீர்ப்புக்கும் முதல் பிரசாரத்துக்கும் நடுவே நிஜமான இடைவெளி வேண்டும். அதைத் தனிநபரின் நல்ல மனசுக்கு விடக் கூடாது. சட்டத்தில் எழுதிவைக்க வேண்டும். குறைந்தது இரண்டு ஆண்டுகள் என்பது நியாயமான அளவு.

இரண்டு, பணம். 2015-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், நீதிபதி வேட்பாளர்கள் நேரில் நன்கொடை கேட்பதை மாநிலங்கள் தடை செய்யலாம் என்று தீர்ப்பளித்தது. நிலத்தைப் பற்றி முடிவெடுக்கும் கவுன்சிலருக்கும் அதே எச்சரிக்கை பொருந்தும். எல்லோராலும் காசு வாங்காமல் ஜெயிக்க முடியாது. ஆனால் யார், எவ்வளவு கொடுத்தார் என்பதைத் தேர்தலுக்கு முன்பே ஓட்டுப் போடுபவர் போனில் பார்க்க முடிந்தால் அதுவே பாதி வேலை.

மூன்று, நீதிபதிகளுக்கும் கணக்குக் கேட்க வழி வேண்டும், ஆனால் அது ஒற்றைத் தீர்ப்பின் மேல் நடக்கும் ஓட்டெடுப்பாக இருக்கக் கூடாது. ஒரு நீதிபதி யாருக்கு எவ்வளவு தண்டனை கொடுக்கிறார், இனம், பணம் பார்த்து மாறுகிறதா என்ற விவரம் பொதுவெளியில் இருக்க வேண்டும். ஒழுங்கு ஆணையம் ஒரு புகாரை மூடினால் ஏன் மூடியது என்று மக்களுக்குப் புரியும்படி விளக்க வேண்டும். இந்தக் கதவுகள் திறந்திருந்தால் ரீகால் என்ற கோடாரியைத் தூக்கும் அவசியம் குறையும். லஞ்சம், அதிகார துஷ்பிரயோகம் என்று வரும்போது மட்டும் அது கையில் இருந்தால் போதும்.

கார்டெல் 2021-ல் தன் நீதிமன்ற அனுபவங்களை ‘ஹெர் ஹானர்’ என்ற புத்தகமாக வெளியிட்டார். நீதிமன்றம் எங்கெல்லாம் ஓட்டை என்பதை உள்ளே இருந்தவராகவே அதில் எழுதியிருக்கிறார். அதாவது ‘ஜட்ஜுகளைக் கேள்வி கேட்காதீங்க’ என்பது அவர் நிலைப்பாடு இல்லை. எந்த மேடையில், எந்தக் கேள்வியைக் கேட்பது என்பதில்தான் அவர் பிடிவாதம்.

குப்பை வண்டி வரவில்லை என்றால் கவுன்சிலரை மாற்றலாம், அதற்குத்தான் ஓட்டு. தீர்ப்பு பிடிக்கவில்லை என்றால் மேல்முறையீட்டுக்குப் போகலாம், சட்டத்தை மாற்றச் சொல்லிப் போராடலாம், நீதிபதியின் நடத்தையில் தவறு இருந்தால் விசாரிக்கச் சொல்லலாம். இந்த இரண்டு நாற்காலிகளுக்கும் ஒரே அளவுகோலை வைத்தால் நஷ்டம் நீதிபதிக்கு மட்டும் இல்லை. என்றாவது ஒரு நாள், ஊரே எதிராக நிற்கும்போது, ஆதாரத்தை மட்டும் பார்க்கும் ஒரு ஜட்ஜ் தேவைப்படப் போகிற எல்லோருக்கும்தான்.